ஏழு மில்லிமீட்டர் தலைமறைவு

"உங்க வீட்டுக்காரர் அவர் இடத்துல இல்லை," என்றார் மில்லிமீட்டர்.

"பாத்ரூம்ல பார்த்தீங்களா?" என்றேன்.

"படுக்கையிலதாம்மா இருக்கார். ஆனா ஏழு மில்லிமீட்டர் தள்ளி இருக்கார்."

வெள்ளிக்கிழமை, காலை பத்தே கால். கதிர்வீச்சுப் பிரிவின் வாசலில் இரும்பு நாற்காலிகள் வரிசையாகச் சுவரோடு திருகப்பட்டிருந்தன. காத்திருப்பவர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமோ என்னவோ. அதில் நாலாவது நாற்காலி என்னுடையது. மடியில் பாஸின் சட்டை, கண்ணாடி, கைக்கடிகாரம்.

மில்லிமீட்டர் என்பது அந்தப் பிரிவின் இயற்பியல் நிபுணர். எந்த நோயாளிக்கு எந்த இடத்தில் எவ்வளவு கதிர் என்று கணக்குப் போடுகிறவர். கான்டீன் எங்கே என்று கேட்டால்கூட மில்லிமீட்டரில் சொல்வாரோ என்று சந்தேகப்பட வைக்கிற மனிதர். பட்டப்பெயர் வைத்தது பாஸ்.

பாஸ் என்பது என் கணவர். இருபத்தாறு வருடமாகக் கீழ்த்தளத்தில் துப்பறியும் அலுவலகம், மாடியில் வீடு. மாடியில் அவர் எனக்கு 'என்னங்க', கீழே இறங்கினால் 'பாஸ்'. நான் அவருக்கு எப்போதும் 'அசிஸ்டெண்ட்'. இடுப்பு ஒடிந்துவிட்டது என்று இன்சூரன்ஸ் கேட்டவர் ஏணியில் ஏறிக் கூரைக்குப் பெயின்ட் அடிப்பதைப் படம் பிடிப்பது, வெளியூர் போவதாகச் சொன்னவர் அடுத்த தெருவில் இருப்பதைக் கண்டுபிடிப்பது, இதுதான் எங்கள் தொழில். சுருக்கமாக, சொன்ன இடத்தில் இல்லாத ஆட்களைத் தேடுவது.

அவரையே இப்போது ஒரு மெஷின் தேடிக்கொண்டிருந்தது.

"பெரிய டாக்டர் என்ன சொல்றார்?" என்றேன்.

மில்லிமீட்டர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அதில் எழுதியிருந்ததால் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் இருக்க. "திங்கள் சரியா வரலை, திருப்பி அனுப்பினோம். புதன் சரியா வரலை, திருப்பி அனுப்பினோம். இன்னிக்கும் வரலைன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லிட்டார். மறுபடி ஸ்கேன், மறுபடி பிளான். பத்து நாள் ஆகும்."

"அந்தப் பத்து நாள்?"

"சிகிச்சை கிடையாது."

முப்பது தடவை கொடுக்க வேண்டிய கதிரில் ஏழு முடிந்திருந்தது. நடுவில் இடைவெளி விடுவதைப் பற்றிப் பெரிய டாக்டர் முதல் நாளே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தார்: "நாம லீவு எடுத்தா அதுக்குக் கொண்டாட்டம்." 'அது' என்றது பாஸின் இடது நுரையீரலில் ஒரு எலுமிச்சை அளவுக்கு உட்கார்ந்திருந்ததை. அந்த வாக்கியத்தை நான் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. அவசியப்படவில்லை.

"அடுத்த ஆள் பதினோரு மணிக்கு. அதுவரைக்கும் டைம் இருக்கு," என்றார் மில்லிமீட்டர்.

நாற்பது நிமிடம். பாஸ் இதைவிடக் குறைந்த நேரத்தில் கேஸ் முடித்திருக்கிறார். ஆனால் அப்போதெல்லாம் எழுந்து நடமாட அவருக்கு அனுமதி இருந்தது.

*

இந்தக் கேஸை பாஸ் புதன்கிழமை மாலையே கையில் எடுத்திருந்தார்.

"அசிஸ்டெண்ட், எழுதிக்கோ. முதல் வாரம் அஞ்சு நாளும் சார்ஜன்ட். மெஷின் அஞ்சு நாளும் பச்சை காட்டிச்சு. ரெண்டாவது வாரம் மாத்தி மாத்தி, ஒரு நாள் தேன்குரல், ஒரு நாள் சார்ஜன்ட். தேன்குரல் வந்த ரெண்டு நாளும் சிவப்பு. குற்றவாளி யாரு?"

சார்ஜன்ட், தேன்குரல் இருவரும் அவரைப் படுக்க வைத்து மெஷினை ஓட்டுகிற டெக்னீஷியன்கள். சார்ஜன்ட் பேசினால் பக்கத்து வார்டில் இருப்பவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். தேன்குரல் நாற்பது வயதுப் பெண்மணி. 'மூச்சு விடுங்க' என்று அவர் சொன்னால் இவ்வளவு நாள் நாம் விட்டதெல்லாம் மூச்சுதானா என்று தோன்றும்.

"தேன்குரல்னு சொல்றீங்க. ஆதாரம்?"

"பேசறது ரொம்ப நல்லா இருக்கு. அப்படிப் பேசறவங்க வேலையில கோட்டை விடுவாங்க. இது என் அனுபவம்."

"எனக்கு வேற சந்தேகம், பாஸ். அந்தம்மா 'சார்'னு கூப்பிட்டதும் நீங்க நெஞ்சை நிமித்தறீங்க. அதான் ஏழு மில்லிமீட்டர்."

"எனக்கு அறுபத்திரண்டு வயசு."

"அதனாலதான் ஏழு. நாப்பது வயசுல மூணு சென்டிமீட்டர் வந்திருக்கும்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமி முடித்ததும் வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். வியாழக்கிழமை சார்ஜன்டோடு வழக்கம்போல் பச்சையாக முடிந்தது. அன்று முழுக்க நான் அலைந்தேன். மெஷினைத் தினமும் காலையில் சோதிக்கிறார்களா? சோதிக்கிறார்கள், பதிவு இருக்கிறது. முழங்காலுக்கு அடியில் வைக்கும் திண்டு மாறிவிட்டதா? இல்லை, அதில் அவர் எண் ஒட்டியிருக்கிறது. சாப்பிட்டதில் வித்தியாசமா? திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ரொட்டியும் டீயும்.

கடைசியாக மச்சம். பாஸின் உடம்பில் சிகிச்சைக்காக மூன்று புள்ளிகள் பச்சை குத்தியிருந்தார்கள், நெஞ்சில் ஒன்று, விலாவில் பக்கத்துக்கு ஒன்று. சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் அந்தப் புள்ளிகளில் விழ வேண்டும். நெஞ்சுப் புள்ளிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு மச்சம் உண்டு. அதைப் புள்ளி என்று நினைத்துவிட்டார்களோ?

வியாழன் மாலை குளியலறை விளக்கில் வைத்துப் பார்த்தேன். மச்சத்துக்கும் புள்ளிக்கும் நடுவே என் இரண்டு விரல் இடைவெளி. மாறியிருந்தால் தவறு ஏழு மில்லிமீட்டரோடு நிற்காது.

"முப்பது வருஷமா பார்க்கற மச்சம். இன்னிக்குத்தான் உபயோகமா ஒரு கேள்வி கேட்டிருக்கேன்," என்றேன்.

"சாட்சியைத் தொட்டுக் கலைக்காதே," என்றார் பாஸ்.

*

"உள்ள வந்து பார்க்கலாமா?" என்று மில்லிமீட்டரிடம் கேட்டேன்.

"நோயாளியோட சொந்தக்காரங்களை உள்ள விடறதில்லை."

"நான் சொந்தக்காரி இல்லை. அசிஸ்டெண்ட்."

அவர் யோசித்தார். விதிமுறையில் அசிஸ்டெண்டைப் பற்றி எதுவும் இல்லை போலிருக்கிறது.

கட்டுப்பாட்டு அறை ஒரு சமையலறை அளவுதான். தேன்குரல் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். அவர் கண் சிவந்திருந்தது. மூன்று நாளும் அவர் முறையில்தான் தப்பு நடந்திருக்கிறது என்பது அவருக்கும் தெரியும்.

மூன்று திரைகள். முதல் திரையில் பாஸ். தலைக்கு மேலே கைகளைத் தூக்கி, ஒரு பலகையில் வைத்து, யாரோ துப்பாக்கியைக் காட்டிவிட்டது போலப் படுத்திருந்தார். ஒரு நிமிடம் சும்மா இருங்கள் என்று இருபத்தாறு வருடம் சொல்லிப் பார்த்தவள் நான். இங்கே சத்தமில்லாமல் கிடக்கிறார்.

"கூரையில மூணு கேமரா இருக்கு. அவர் மேல வெளிச்சத்தைப் போட்டு, தோலோட ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் பார்க்குது," என்று மில்லிமீட்டர் இரண்டாவது திரையைக் காட்டினார். அதில் பாஸின் உடம்பு, தலையும் கையும் இல்லாமல், களிமண் பொம்மை போல இருந்தது. "ஸ்கேன் எடுத்த அன்னிக்கு இருந்த உடம்பும் இப்ப இருக்கறதும் ஒண்ணாப் பொருந்தினா பச்சை. தூக்கி இருந்தா சிவப்பு. இறங்கி இருந்தா நீலம்."

வயிறு பச்சை. தோள் மங்கிய மஞ்சள். நெஞ்சு முழுக்க சிவப்பு.

"இதையே எக்ஸ்ரேயும் சொல்லுது." மூன்றாவது திரை. "மெஷின் அவரைச் சுத்தி வந்து படம் எடுக்கும். முதுகெலும்பு கச்சிதமா பொருந்துது. முன்பக்க விலா எலும்பு மட்டும் ஏழு மில்லிமீட்டர் மேல இருக்கு."

"மேலன்னா?"

"மேலன்னா மேல."

"படுத்திருக்கற மனுஷனுக்கு மேல எது? தலைப் பக்கமா, கூரைப் பக்கமா?"

மில்லிமீட்டர் விரலைக் கூரைக்கு நீட்டினார். "கூரைப் பக்கம். எங்களுக்குள்ள ரெண்டுக்கும் தனித்தனி வார்த்தை உண்டு. நோயாளிகிட்ட பேசறப்ப ரெண்டும் 'மேல'தான்."

என் முதுகில் ஏதோ ஊர்ந்தது. இருபத்தாறு வருட வேலையில் அது அதிகபட்சம் ஆறு தடவை ஊர்ந்திருக்கும். தேன்குரல் பக்கம் திரும்பினேன்.

"அவரை நகர்த்தணும்னா நீங்க என்ன சொல்வீங்க?"

"'சார், கொஞ்சம் மேல போங்க'ன்னு சொல்வேன்."

"சார்ஜன்ட்?"

"அவர் எதுவும் சொல்ல மாட்டார். 'மூட்டை மாதிரி கிடங்க'ன்னுட்டு விரிப்பைப் பிடிச்சு ஒரே இழுப்பு. அதுதான் சரியான முறையும்கூட. எனக்கு அப்படி வராது. வயசுல பெரியவரை மூட்டைன்னு எப்படி இழுக்கறது? மரியாதையா சொல்லித்தான் பழக்கம்."

"கேஸ் முடிஞ்சது," என்றேன். "நீங்க தலைப் பக்கம் போகச் சொல்றீங்க. அவர் கூரைப் பக்கம் போறார். நெஞ்சைத் தூக்கறார்."

மில்லிமீட்டர் முதல் தடவையாகச் சிரித்தார். தேன்குரல் கனமான கதவைத் தாண்டி உள்ளே ஓடினார். மணி பத்து முப்பத்தைந்து.

ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. "சார், நான் மேலன்னு சொன்னா கூரைப் பக்கம் இல்லை. தலைப் பக்கம். சரிங்களா? இப்பக் கொஞ்சம் மேல போங்க சார்."

அடுத்தது பாஸ் குரல். "அம்மா, அது எனக்குத் தெரியாதா? இதோ, தலைப் பக்கம்தானே நகர்றேன்?"

நகர்ந்தார். துல்லியமாகத் தலைப் பக்கம்தான் நகர்ந்தார். மூன்று புள்ளிகளும் கோட்டில் வந்து நின்றன.

நெஞ்சு சிவப்பு.

இப்படித்தான் என்னுடைய முதல் தனிக் கேஸ் நாலு நிமிடத்தில் முடிந்து, அடுத்த நிமிடத்தில் முடியாமலும் போனது.

*

"பெரிய டாக்டருக்குப் போன் பண்றேன்," என்றார் மில்லிமீட்டர்.

"ரெண்டு நிமிஷம். சார்ஜன்டைக் கூப்பிட முடியாதா?"

"இன்னில இருந்து லீவு. மகளுக்குப் பிரசவம், ஒரு மாசம் வரமாட்டார். அதோட, ஆளை மாத்தினா சரியாயிடும்னு எழுத எங்க ஃபாரத்துல கட்டம் இல்லை."

"இதோ கீழே ஓடற கோடு என்ன?"

களிமண் பொம்மைக்குக் கீழே மெல்லிய அலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"மூச்சு. நெஞ்சு ஏறி இறங்கறதை கேமரா பதிவு பண்ணுது."

"பழசைக் காட்ட முடியுமா? அந்தம்மா உள்ள போனதுல இருந்து?"

பின்னால் ஓட்டிக் காட்டினார். அலை, அலை, அலை. ஏறி இறங்கி, ஒரே அளவில், தூங்குகிற குழந்தை மாதிரி. திடீரென்று ஒரு படி ஏறி அப்படியே நின்றது. அதற்குப் பிறகு சின்னச் சின்ன நடுக்கம் மட்டும். இறங்கவே இல்லை.

"இது எந்த நேரம்?"

அவர் ஒலிப்பதிவையும் சேர்த்து ஓட்டினார். "...சரிங்களா? இப்பக் கொஞ்சம் மேல போங்க சார்." 'போங்க' என்ற இடத்தில் படி.

"புதன்கிழமை?"

ஓட்டினார். அலை, அலை. "சார், கொஞ்சம் மேல போங்க." படி.

திங்கட்கிழமையும் அதேதான். வியாழக்கிழமைப் பதிவில் சார்ஜன்ட் கத்திக்கொண்டிருந்தார். அலை ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"உடம்பு இறுகிப் போகுது. மூச்சைப் பாதியில பிடிச்சுக்கறார்," என்றார் மில்லிமீட்டர். பிறகு, ஏதோ அளவுகோலில் இல்லாததைச் சொல்வது போல, தயங்கி, "பயந்தா இப்படி இருக்கும்," என்றார்.

பயமா? இந்த மனிதருக்கா?

எங்கள் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. காணாமல் போனவர் இறந்திருந்தால், ரிப்போர்ட்டில் 'இறந்தார்' என்றுதான் இருக்க வேண்டும். 'காலமானார்' என்று டைப் அடித்தால் சிவப்புப் பேனாவால் கோடு. 'மறைந்தார்' என்றால் இரண்டு கோடு. "மறைஞ்சிருந்தா நாம கண்டுபிடிச்சிருப்போமே!" ஒரு தடவை யாரோ பெரியவரைப் பற்றி, 'மேலே போய்ச் சேர்ந்துவிட்டார்' என்று நான் எழுதிவிட்டேன். தாளைக் கசக்கியே போட்டுவிட்டார். "மேல என்ன இருக்கு? நம்ம வீடு இருக்கு. அதுக்கு மேல மொட்டை மாடி. அதுக்கு மேல தண்ணித் தொட்டி. செத்துப் போனவங்க யாரையும் நான் அங்க பார்த்ததில்லை."

திரையில் அவரைப் பார்த்தேன். கைகளைத் தூக்கிச் சரணடைந்தவர் மாதிரி கிடந்தார். அவர் தலைமாட்டில் நின்று, உலகத்திலேயே இனிமையான குரலில், மரியாதையோடு ஒருவர் சொல்கிறார்: கொஞ்சம் மேல போங்க சார்.

"'மேல'ங்கறதுக்கு மூணாவதா ஒரு திசை இருக்கு," என்றேன்.

மில்லிமீட்டருக்குப் புரியவில்லை. வெளியே வந்திருந்த தேன்குரலுக்குப் புரிந்துவிட்டது. கையால் வாயை மூடிக்கொண்டார்.

"ஐயோ! நான் போய் அவரை... அக்கா, நான் அந்த அர்த்தத்துல..."

"தெரியும்மா. அவருக்கும் தெரியும். அவர் மூளை தலைப் பக்கம்தான் நகருது. உடம்புதான் வர மாட்டேங்குது."

"பதினோரு வருஷமா எல்லாருக்கும் இதைத்தானே சொல்லிட்டிருக்கேன்..."

மணி பத்து நாற்பத்திரண்டு.

"இன்னொரு தடவை உள்ள போங்க," என்றேன். "'மேல'ங்கற வார்த்தை மட்டும் வேண்டாம். ஏன்னு அவர் கேட்டாலும் சொல்லாதீங்க. கேட்பார்."

போனார். ஒலிபெருக்கி கரகரத்தது. "சார், கையை இறக்கி ஒரு நிமிஷம் சாதாரணமா இருங்க... இப்பப் பழையபடி கையை வைங்க. தலைப் பக்கம் ரெண்டு விரல் அளவு நகருங்க. அவ்வளவுதான். போதும்."

அலை, அலை, அலை.

பச்சை வயிற்றிலிருந்து கிளம்பியது. விலாவில் ஏறியது, நெஞ்சுக்குழியில் ஒரு கணம் யோசித்தது, பிறகு கழுத்துவரை ஒரே ஓட்டமாகப் பரவியது. எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். விலா எலும்புகள் அதனதன் இடத்தில் இருந்தன.

"ஒரு மில்லிமீட்டர்," என்றார் மில்லிமீட்டர். அந்த அளவை இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. எட்டாவது கதிர் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

*

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பாஸ். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். நான் சொல்லவில்லை.

"என்ன ஆச்சாம்?" என்றார்.

"திண்டு சரியில்லையாம், பாஸ். மாத்திட்டாங்க."

இருபத்தாறு வருடத்தில் அவரிடம் நான் கொடுத்த முதல் பொய் ரிப்போர்ட்.

இரண்டு நிறுத்தம் போனது.

"அந்தம்மா இன்னிக்கு 'தலைப் பக்கம்'னாங்க," என்றார். "மூணு நாளா 'மேல, மேல'ன்னு சொன்னவங்க திடீர்னு மாத்தினா, யாரோ மாத்தச் சொல்லியிருக்கணும். மில்லிமீட்டருக்கு எண்ணைத் தவிர எதுவும் தோணாது. அப்ப கட்டுப்பாட்டு அறையில வேற ஆள் இருந்திருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியாது, பாஸ்."

"பொய் சொல்றப்ப நீ கைப்பை ஜிப்பை இழுத்து இழுத்து மூடுவ."

கையை எடுத்துக்கொண்டேன்.

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரெல்லாம் சுத்தி ஆள் பிடிச்சாச்சு. கடைசியில குற்றவாளி நம்ம பனியனுக்குள்ளயே இருந்திருக்கான். என்ன கேவலம்!"

"ரிப்போர்ட்ல பேரை விட்டுடறேன்."

"விடாதே. போடு. வயசு அறுபத்திரண்டு. பகுத்தறிவாளர்னு சொல்லிக்கறவர்."

"'சொல்லிக்கறவர்' வேணுமா, பாஸ்?"

"உண்மை எதுவோ அதைப் போடணும்." ஜன்னலிலிருந்து திரும்பி, "அசிஸ்டெண்ட், எனக்குன்னு வர்றப்ப நீ எந்த வார்த்தையை வேணும்னாலும் போட்டுக்கோ. சிவப்புப் பேனா உன்கிட்டதானே இருக்கப் போகுது," என்றார்.

நான் அவருடைய சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டேன்.

மீதி இருபத்திரண்டு நாளும் பச்சைதான். ஒரு நாள்கூட இடைவெளி விழவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடமும் நாலு மாதமும் அவர் கேஸ் பார்த்தார், பெரும்பாலும் நாற்காலியில் இருந்தபடி. அப்புறம் நடந்தது வேறு அத்தியாயம். அதில் துப்புத் துலக்க எதுவும் இல்லை.

அது முடிந்து மூன்றாவது வாரம் அலுவலகத்தைத் திறந்தேன். பத்து மணிக்கு ஒருவர் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். எப்போதோ ஒரு கேஸ் கொடுத்தவர். விஷயம் தெரியாது. எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற அதே கேள்வியை, எல்லோரும் கேட்கிற அதே மாதிரி, படிக்கட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"சார் மேலயா?"

அலுவலகச் சட்டப்படி சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. சிவப்புப் பேனா மேஜையில் இருந்தது.

"ஆமாங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, குடையைச் சுவரில் சாய்த்து, முதல் படியில் கால் வைத்தார்.

"அந்த மாடி இல்லைங்க," என்றேன்.

கால் படியிலேயே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். தன் நெற்றிவரை கொண்டுபோன கையை என்ன செய்வது என்று தெரியாமல் இறக்கினார். நான் மூச்சை இழுத்தேன், விட்டேன். மறுபடி இழுத்தேன், விட்டேன். பிறகு நாற்காலியைக் காட்டி, நோட்டைத் திறந்தேன்.

"உட்காருங்க. யாரைக் காணோம்?"